ஏரியா வளரப் போகுதா? விலையைக் கேட்காதீங்க, வாடகையைக் கேளுங்க



சம்பளம் வாங்க ஆரம்பிச்சு மூணு நாலு வருஷம் ஆனதும் வாட்ஸ்அப்ல ஒரு விளம்பரம் வரும். "மெட்ரோவுக்கு 10 நிமிடம், ஐ.டி. பார்க்குக்கு 15 நிமிடம், வரப்போகும் ஏர்போர்ட்டுக்கு 20 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இலவச கார் வசதி, மதிய சாப்பாடு உண்டு." அதே வாரம் வீட்ல ஒரு மாமா, "வேளச்சேரில அப்பவே ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாம்"னு பெருமூச்சு விடுவார்.

மாமா சொல்றது உண்மைதான். ஆனா அதே வருஷம் வேற எங்கயோ வாங்கி, இன்னும் கருவேலம் முளைச்சுக் கிடக்கிற மனைகளும் நிறைய இருக்கு. அதைப் பத்தி யாரும் கல்யாண வீட்ல உட்கார்ந்து பேசுறதில்லை. ஜெயிச்ச கதை மட்டும்தான் நம்ம காதுக்கு வருது.

வளரப் போற ஏரியாவை, விலை முழுசா ஏறுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். சென்னையை உதாரணமா வெச்சு அதைப் பார்ப்போம். கோவை, திருச்சி, மதுரைன்னு எந்த ஊருக்கும் இதே முறை பொருந்தும்.

விலை வேற, வாடகை வேற

ஒரு இடத்தோட விலைல பாதி எதிர்பார்ப்புதான். "மெட்ரோ வரப் போகுது"ன்னு சொன்னா மறுநாளே சதுர அடிக்கு 500 ரூபாய் கூட்டிச் சொல்லலாம். சொல்றதுக்குக் காசு வேண்டாம்.

வாடகை அப்படி இல்லை. இந்த மாசச் சம்பளத்துல இருந்து ஒருத்தர் எடுத்துக் கொடுக்கிற பணம் அது. பத்து வருஷம் கழிச்சு வரப்போற ஏர்போர்ட்டுக்காக இன்னைக்கு யாரும் 2,000 ரூபாய் கூடுதல் வாடகை கொடுக்க மாட்டாங்க. ஆபீஸ் பக்கம், பஸ் இருக்கு, தண்ணி வருது, ராத்திரி தைரியமா நடந்து வரலாம்னு இருந்தாத்தான் கொடுப்பாங்க. அதனால ஒரு ஏரியா நிஜமாவே வளருதான்னு முதல்ல சொல்றது வாடகைதான்.

ஒரு கற்பனைக் கணக்கு பாருங்க. ரெண்டு ஏரியா, ரெண்டுலயும் ரெண்டு படுக்கையறை ஃபிளாட்.

ஏரியா 'அ': ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி விலை 48 லட்சம், இப்போ 60 லட்சம். வாடகை அப்பவும் 13,000, இப்பவும் 13,000.

ஏரியா 'ஆ': ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி விலை 46 லட்சம், இப்போ 50 லட்சம். வாடகை 12,500ல இருந்து 16,000 ஆயிருக்கு.

பார்த்ததும் 'அ'தான் "சூடான" ஏரியா மாதிரி தெரியும், விலை 25% ஏறியிருக்கே! ஆனா அங்க வருஷ வாடகை 1.56 லட்சம், அதாவது விலைல 2.6%தான். முதலீட்டுக்காக வாங்குறவங்க ஒருத்தருக்கொருத்தர் வித்துக்கிறாங்க, குடியிருக்க ஆள் கூடலை. 'ஆ'ல விலை 9% கூட ஏறலை, வாடகை 28% ஏறியிருக்கு. வருஷ வாடகை விலைல 3.8%. ஜனங்க குடிவந்துட்டாங்க, விலை இன்னும் அந்த அளவுக்கு ஏறலை. நாம தேடுறது 'ஆ' மாதிரி ஏரியாவை.

வாடகை நிலவரத்தைத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. புரோக்கர்கிட்ட "வாங்க வந்திருக்கேன்"னு சொல்லாதீங்க, "வாடகைக்கு வீடு பார்க்கிறேன்"னு சொல்லுங்க. வாங்க வந்தவருக்கு "சார், அடுத்த வருஷம் டபுள்" கதை. வாடகைக்கு வந்தவருக்குத்தான் உண்மை நிலவரம். மூணு புரோக்கர்கிட்ட இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. வீடு காலியானா எத்தனை நாள்ல ஆள் வருது?
2. போன வருஷம் இதே வீட்டுக்கு என்ன வாடகை?
3. அட்வான்ஸ் எத்தனை மாசம்? பேசிக் குறைக்க முடியுமா?
4. குடியிருக்கிறவங்க எங்க வேலை பார்க்கிறாங்க?

பத்து நாள்ல ஆள் வந்துடுது, அட்வான்ஸ்ல பேரம் இல்லைன்னா அங்க தேவை இருக்கு. "மூணு மாசமா காலியா இருக்கு, பார்த்துக் குறைச்சுக்கலாம்"னு சொன்னா, விளம்பரம் என்ன சொன்னாலும் அந்த ஏரியாவுக்கு இன்னும் நேரம் வரலை.

காலி மனைக்கு ஏது வாடகைன்னு கேட்கலாம். பக்கத்துல குடியிருப்பு உள்ள தெருவோட வாடகையைப் பாருங்க. ரெண்டு கிலோமீட்டர் சுத்தளவுல குடியிருப்பே இல்லைன்னா, அங்க பணம் போடுறது முதலீடு இல்லை, பந்தயம்.

நாலாவது கேள்வியை ஏன் கேட்கணும்?

வாடகையும் சில நேரம் ஏமாத்தும். ஒரே ஒரு கம்பெனியை நம்பி வளர்ந்த ஏரியான்னா, அந்தக் கம்பெனி கிளம்பினா எல்லாம் போச்சு. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர்ல உற்பத்தியை நிறுத்துச்சு. மறைமலைநகர்ல கார் தயாரிச்சுட்டு இருந்த ஃபோர்டு, இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தப் போறதா 2021 செப்டம்பர்ல அறிவிச்சது. ஆயிரக்கணக்கான சம்பளங்களை நம்பித்தான் சுத்துவட்டார வாடகை வீடும், மெஸ்ஸும், வேன் ஓட்டுறவங்களும் இருந்தாங்க.

அதனால குடியிருக்கிறவங்க நாலஞ்சு விதமான வேலைல இருக்கணும். ஐ.டி., ஆஸ்பத்திரி, காலேஜ், அரசு வேலை, கடை கண்ணின்னு கலந்து இருந்தா ஒண்ணு போனாலும் ஏரியா தாங்கும்.

"வரப் போகுது"ங்கிறதுல நாலு படி இருக்கு

சாலை, ரயில், பஸ் நிலையம் எல்லாம் ஏரியாவை வளர்க்கும், சந்தேகமே இல்லை. ஆனா அறிவிப்புல இருந்து ஓடுற ரயில் வரைக்கும் நாலு படி இருக்கு. முதல் படி அறிவிப்பு. ரெண்டாவது, பணம் ஒதுக்கி நிலம் எடுக்கிறது. மூணாவது, தூண் எழும்புறது. நாலாவது, ஓடுறது.

இந்தப் படிகளுக்கு நடுவுல எவ்வளவு காலம் போகும்? பறக்கும் ரயிலையே பாருங்க. கடற்கரையில இருந்து சேப்பாக்கம் வரை 1995ல ஓடுச்சு, மயிலாப்பூருக்கு 1997ல வந்தது, வேளச்சேரிக்கு 2007ல. அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். 2008ல வேலை ஆரம்பிச்சாங்க. கடைசி அரை கிலோமீட்டர் நிலம் கையகப்படுத்துற பிரச்சனைல சிக்கி, பத்து வருஷத்துக்கு மேல நின்னு போச்சு. தூணெல்லாம் எழும்பி நின்னும் வருஷக்கணக்கா ரயில் வரலை. "அடுத்த வருஷம் ரயில்"னு நம்பி அந்தப் பக்கம் கடன்ல வாங்கினவங்க எத்தனை வருஷ இ.எம்.ஐ. கட்டியிருப்பாங்கன்னு யோசிங்க.

பரந்தூர் விமான நிலையம் 2022 ஆகஸ்ட்ல அறிவிக்கப்பட்டது. சென்னையில இருந்து சுமார் 70 கிலோமீட்டர். அறிவிப்பு வந்ததும் மனை விளம்பரமும் வந்துடுச்சு. ஆனா ஏகனாபுரம் மக்கள் தங்களோட நிலமும் ஏரியும் போகுதுன்னு வருஷக்கணக்கா போராடினாங்க. கொள்கை அளவிலான ஒப்புதல் 2025லதான் கிடைச்சது. அந்த மாதிரி இடத்துல ரெண்டு ஆபத்து இருக்கு. திட்டம் தள்ளிப் போகலாம், இல்லன்னா நீங்க வாங்குற மனையே கையகப்படுத்துற பட்டியல்ல இருக்கலாம்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் வேற நிலைல இருக்கு. மூணு வழித்தடம், சுமார் 119 கிலோமீட்டர். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபர்ல வந்தது, பூந்தமல்லி பக்கம் 2025 மார்ச்ல சோதனை ஓட்டமே நடந்துச்சு. இங்க தாமதம் ஆகுற ஆபத்து குறைவு. ஆனா விலையும் அதுக்குத் தகுந்த மாதிரி ஏறியிருக்கும்.

எந்தப் படில வாங்குறது? சம்பளக்காரங்களுக்கு என் பரிந்துரை, மூணாவது படிக்கு முன்னாடி கடன் வாங்காதீங்க. முதல் படில வாங்கி லாபம் பார்க்கிறவங்க கைல பணம் வெச்சுக்கிட்டு பதினஞ்சு வருஷம் காத்திருக்க முடிஞ்சவங்க. நமக்கு ஒண்ணாம் தேதி சம்பளம், அஞ்சாம் தேதி இ.எம்.ஐ.

இன்னொண்ணு, பெரிய திட்டம் வந்தாலும் அதோட கூட வர வேண்டியது வந்ததான்னு பாருங்க. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தாங்க. அப்போ அதுக்கான ரயில் நிலையம் தயாரா இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கினவங்க வீடு போய்ச் சேரவே அலைஞ்சாங்க. வரைபடத்துல "பக்கம்"னு இருக்கிறது வேற, உங்க வாசல்ல இருந்து அங்க போய்ச் சேர்றது வேற.

தெருவுல பார்க்க வேண்டிய அடையாளங்கள்

மால் வருதான்னு பார்க்காதீங்க. வேளச்சேரில பீனிக்ஸ் மால் திறந்தது 2013ல. பறக்கும் ரயில் வந்து அஞ்சு வருஷம் கழிச்சு. பெரிய மால் வரும்போது ஏரியா ஏற்கனவே வளர்ந்திருக்கும். அதுக்கு முன்னாடி வர்றது சின்னச் சின்ன விஷயங்கள்.

முதல்ல தனியா தங்குற பசங்க வருவாங்க. கூடவே மெஸ், டூவீலர் மெக்கானிக், அயர்ன் கடை. அப்புறம் குடும்பங்கள் வரும், கூடவே மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், பிளே ஸ்கூல். ஊர் முழுக்கக் கிளை வெச்சிருக்கிற மருந்துக்கடையும் சூப்பர் மார்க்கெட்டும் ஆள் நடமாட்டத்தைக் கணக்கு பார்த்துத்தான் கிளை திறப்பாங்க. மெஸ் இருக்கு, பிளே ஸ்கூல் இப்பத்தான் வருதுன்னா நல்ல நேரத்துல வந்திருக்கீங்க.

ரெண்டாவது அடையாளம், தோண்டிப் போட்ட தெரு. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டியிருந்தா இன்னைக்குப் பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா வேலை முடிஞ்சா கழிவுநீர் லாரிச் செலவும் தண்ணி லாரிச் செலவும் குறையும். சென்னை மாநகராட்சி 2011ல 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426 சதுர கிலோமீட்டரா விரிஞ்சது. அப்போ சேர்ந்த பல பகுதிகளுக்கு இந்தக் குழாய்கள் வர வருஷக்கணக்கு ஆச்சு. ஆவடி 2019லயும் தாம்பரம் 2021லயும் மாநகராட்சி ஆச்சு. பேர் மாறினதைப் பார்க்காதீங்க, குழாய் வந்ததான்னு பாருங்க.

மூணாவது, பக்கத்து ஏரியா. அடையாறுல இடம் கிடைக்காதவங்க திருவான்மியூர் போனாங்க, அங்கயும் கட்டுப்படியாகாம பெருங்குடி போனாங்க. வடபழனி, வளசரவாக்கம், போரூர், அய்யப்பன்தாங்கல்னு மேற்குப் பக்கமும் அதே கதை. வாடகை ரொம்ப ஏறிப்போன ஏரியாவுக்கு அடுத்த பஸ் ஸ்டாப் எதுன்னு பாருங்க. நடுவுல ரயில்வே கேட், குறுகலான பாலம், காடு மாதிரி இருட்டு ரோடு எதுவும் இருக்கக் கூடாது.

தண்ணி விஷயத்துல சமரசம் வேண்டாம்

மேல சொன்ன எல்லா அடையாளமும் சரியா இருந்தாலும், இந்த ஒண்ணு தப்பா இருந்தா வேண்டாம்னு விட்டுடுங்க. வேளச்சேரி விலை ஏறினது உண்மை. 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் அங்க பல தெருக்கள்ல வீட்டுக்குள்ள தண்ணி புகுந்ததும் உண்மை. கோடை வந்தா பிரச்சனை தலைகீழ். 2019ல ஊரே குடத்தோட நின்னுச்சு. ஓ.எம்.ஆர். அப்பார்ட்மென்ட்கள் பலது லாரித் தண்ணியை நம்பித்தான் வருஷக்கணக்கா ஓடுச்சு.

பேரையே பாருங்க. "தாங்கல்"னா சின்ன ஏரி. பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல்னு பேர் இருந்தா அந்த ஊர் முழுக்க மூழ்கும்னு அர்த்தம் இல்லை. ஆனா உங்க சர்வே எண் பழைய நீர்நிலைல வருதா, பக்கத்துல வாய்க்கால் போகுதான்னு கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்தது. அதைச் சுத்தி கட்டுமான அனுமதி தர்றதுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025ல தடை போட்டுச்சு. மனையை வாங்கி வெச்சுட்டு வீடு கட்ட அனுமதி கிடைக்கலைன்னா என்ன செய்வீங்க?

நேர்ல போகும்போது அயர்ன் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, மருந்துக்கடை மூணு இடத்துலயும் ஒரே கேள்வி கேளுங்க: "2015லயும் 2023லயும் இந்தத் தெருவுல தண்ணி எதுவரை வந்துச்சு?" கையைக் காட்டிச் சொல்வாங்க, முட்டியா இடுப்பான்னு. மூணு பேரும் ஒரே உயரம் காட்டினா அதுதான் உண்மை. பழைய வீடுகளோட வாசல் ரோட்டை விடப் பள்ளமா இருந்தாலும் உஷாரா இருங்க.

காகிதம் சரியில்லைன்னா ஏரியா வளர்ந்தும் பயன் இல்லை

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டப்போ, வாங்கி வெச்சிருந்த பல பேர் விற்க முடியாம மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் 2017ல வரன்முறைத் திட்டம் வந்து, கட்டணம் கட்டிச் சரி பண்ண வேண்டியதாச்சு.

அதனால சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம், தாய்ப் பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, விற்கிறவர் பேர்ல பட்டா, ரெரா பதிவு எண் எல்லாத்தையும் பாருங்க. 500 சதுர மீட்டருக்கு மேல அல்லது 8 வீட்டுக்கு மேல உள்ள புதுத் திட்டம்னா ரெரா பதிவு கட்டாயம். வில்லங்கமும் பட்டாவும் ஆன்லைன்லயே பார்க்கலாம். பார்த்துட்டு, விற்கிறவங்களுக்குச் சம்பந்தமில்லாத வக்கீல் ஒருத்தர்கிட்ட காட்டுங்க. அதுக்கான ஃபீஸை மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க.

கடைசியா, உங்க கணக்கு

25 லட்சத்துக்கு ஒரு மனை வாங்குறீங்கன்னு வெச்சுக்கோங்க. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, சேர்த்து 2.25 லட்சம். புரோக்கருக்கு 1%, அதாவது 25,000. மொத்தம் 27.5 லட்சம் போச்சு. இதே பணம் 7% எஃப்.டி.ல அஞ்சு வருஷம் இருந்தா சுமார் 38.5 லட்சம் ஆகும். அப்போ 25 லட்ச மனை அஞ்சு வருஷத்துல 38.5 லட்சத்துக்கு வித்தாத்தான் எஃப்.டி.க்குச் சமம். வருஷத்துக்கு 9% ஏறணும். அதுக்கு மேல ஏறினாத்தான் லாபம்னே சொல்லலாம். கடன் வாங்கி வாங்கினா, வட்டி 7%க்கு மேல இருக்கும், இந்தக் கோடு இன்னும் மேல போகும். மனையில இருந்து மாசம் ஒரு ரூபாய் வாடகையும் வராது.

50 லட்சம் வீட்டுக்கடன் 8.5% வட்டில 20 வருஷத்துக்கு எடுத்தா இ.எம்.ஐ. சுமார் 43,400. அந்த வீட்டுக்கு 16,000 வாடகை வந்தா, மீதி 27,400 மாசாமாசம் உங்க சம்பளத்துல இருந்து போகணும். வேலை போனாலும், வேற ஊருக்கு மாத்தினாலும், கல்யாணம் ஆனாலும் அது நிக்காது. ஆறு மாசச் செலவும் ஆறு மாச இ.எம்.ஐ.யும் தனியா கைல இல்லன்னா, எவ்வளவு நல்ல ஏரியாவா இருந்தாலும் இப்போ வேண்டாம். வளர்ற ஏரியா பத்து வருஷம் கழிச்சுத்தான் பலன் தரும். நடுவுல அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தா, லாபம் வாங்குறவருக்குத்தான் போகும்.

இந்த மாசம் என்ன செய்யலாம்?

மூணு ஏரியாவை மட்டும் எடுத்துக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு தடவை போங்க. திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஒரு தடவை, அங்கிருந்து உங்க ஆபீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தெரியும். ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவை, கட்டி முடிச்ச அப்பார்ட்மென்ட்ல எத்தனை ஜன்னல்ல லைட் எரியுதுன்னு எண்ணுங்க. நூறுல முப்பதுதான் எரிஞ்சா, மீதில பலது யாரோ முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வெச்சதா இருக்கலாம். நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் ஒரு தடவை. இலவச கார்ல போகாதீங்க, உங்க பைக்ல இல்லன்னா பஸ்ல போங்க.

இன்னும் நல்ல வழி ஒண்ணு இருக்கு. முடிஞ்சா அந்த ஏரியாவுல பதினோரு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்க. ஒரு கோடை, ஒரு மழைக்காலம் ரெண்டையும் பார்த்துடுவீங்க. அதுக்குள்ள விலை கொஞ்சம் ஏறிடுமோன்னு பயம் வரும். ஏறட்டும். இருபது வருஷக் கடனுக்கு முன்னாடி ஒரு வருஷம் காத்திருக்கிறதுல பெரிய நஷ்டம் இல்லை.

உங்க தெருவுல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வாடகை என்ன, இப்போ என்னன்னு வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல ஊர்ப் பேரோட எழுதுங்க. அந்த ஏரியாவுல வாங்க யோசிக்கிற இன்னொருத்தருக்கு அது உதவும்.